கண்ணாடிக்கு எதிரே ஒரு திரை

ஸர்காவில் எங்கள் பகுதிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர் வரும். இன்ஸாஃபின் தொழில் அந்த நாளைப் பார்த்தே நடந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் வீட்டு முன்னறையில் பெண்கள் கூட்டம் இருக்கும். தலைக்குச் சாயம், முடிவெட்டு, சர்க்கரைப் பாகு பூசி ரோமம் எடுப்பது, கோடைக்காலத்தில் மணப்பெண் அலங்காரம். தொட்டி வற்றத் தொடங்கியதும் கூட்டமும் வற்றும். மீதி நாட்களில் அவள் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருப்பக்க ஜன்னலின் கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. கதவருகே ஒரு பிரம்புக் கூடை. வருகிற பெண் முதலில் போனை அதில் போடுவாள், பிறகுதான் தலைத்துணியை அவிழ்ப்பாள். இன்ஸாஃபின் போனும் அதே கூடையில்தான் கிடக்கும். சட்டம் போட்டவளே விலக்கு எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அவள் கணவன் கஸ்ஸான் ஸர்காவுக்கும் தலைநகர் அம்மானுக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவன். பெண்கள் இருக்கும் நாளில் வீட்டுக்கு வந்தால் கீழ்ப்படியிலேயே தொண்டையைச் செருமி, "யா சாதிர், யா சாதிர்" என்று, மறைத்துக் காக்கும் இறைவன் பெயரால், குரல் கொடுத்துக்கொண்டே ஏறுவான். உள்ளே இருப்பவர்கள் மூடிக்கொள்ள அந்தக் குரல் அவகாசம் தரும். முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நேரே சமையலறைக்குப் போய்விடுவான். எல்லா வீட்டு ஆண்களும் செய்வதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அறை வேலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை.

அவனுக்கு இருந்த குறை வேறு.

"ரொட்டி வாங்கணுமா வேண்டாமான்னு கேக்க ஒரு மனுஷன் எத்தனை தடவதான் போன் அடிக்கறது? ஒண்ணு வீட்டுல ரொட்டியே இல்ல. இல்லேன்னா ரெண்டு பேரும் வாங்கிட்டு வந்து பூசணம் பிடிக்குது."

"ரெண்டு கையிலயும் சாயம். மூக்கால எடுக்கவா உன் போன?"

இந்த வாக்குவாதம் பழையது. இதற்கு முடிவு கட்டத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவன் அந்தப் பெட்டியோடு வந்தான். விரித்த புத்தகம் அளவுக்கு ஒரு திரை, மேல்விளிம்பில் மிளகளவு கேமரா, அடியில் துணி சுற்றிய ஒலிபெருக்கி. கையால் தொட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கஸ்ஸான் அதை முன்னறையில் வைத்தான். அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு பிளக்தான். பெரிய கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில், அலமாரித் தட்டுக்குப் பக்கத்தில். எனவே திரை அங்கே உட்கார்ந்தது. இன்ஸாஃப் சோபாவில் கால் நீட்டிப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை வெளுத்தது. "நல்வரவு. உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரு பெண்குரல் சுத்தமான உச்சரிப்பில் சொன்னது.

"செய்தி வாசிக்கிறவளக் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்க," என்றாள் இன்ஸாஃப்.

"ரெண்டாவது பொண்டாட்டி. சண்ட போட மாட்டா."

"நல்லது. பாத்திரமும் கழுவச் சொல்லு."

வைஃபைக் கடவுச்சொல் இன்டர்நெட் பெட்டியின் அடியில் பூச்சிக் கால் போன்ற எழுத்தில் இருந்தது. அவன் கண்ணாடி போட்டு வாசித்தான், தப்பாகப் போட்டான், மறுபடி வாசித்தான். குரல் கோபப்படாமல் "மீண்டும் முயலுங்கள்" என்றது. இணைப்புக் கிடைத்த பிறகு அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வட்டத்தைச் சுழல விட்டது. தேநீர் வந்தது, குடித்தும் முடித்தார்கள். வட்டம் சுழன்றது. இன்ஸாஃப் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

பிறகு அது, உரிமையாளர் யார் என்று கேட்டது. கஸ்ஸான் தன் பெயரையும் தன் போன் எண்ணையும் கொடுத்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மின்சார மீட்டர் அவன் பேரில் இருந்தது. தண்ணீர் இணைப்பும் இன்டர்நெட்டும் அவன் பேரில்தான். சுவரோடு சேர்ந்த எதுவும் ஆண் பேரில் இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் உத்தரவு போடவில்லை. போடத் தேவைப்படவும் இல்லை.

அடுத்து வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் நீளமான சிறு எழுத்து.

"என்ன கேக்குது?"

"சம்மதமான்னு கேக்குது."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

அவன் ஒப்புக்கொண்டே போனான். வீட்டு உறுப்பினர் அழைத்தால் மறுமுனையில் அனுமதி கேட்காமல் நேரடியாக இணைக்கலாமா என்பது அவற்றில் ஒன்று. நம் வீட்டோடு பேச நாம் யாரிடம் அனுமதி கேட்பது என்று நினைத்து அதற்கும் சரி என்று அழுத்தினான். அறைக்குப் பெயர் கேட்டபோது "சலூன்" என்று தட்டினான். கூப்பிடும் பெயரை நூரா என்று வைத்தான்.

கடைசியாக அது இன்ஸாஃபின் குரலைப் பழக வேண்டும் என்றது. திரையில் வந்த வாக்கியங்களை அவள் வாசித்தாள்.

"இன்னும் சற்று உரக்கப் பேசுங்கள்," என்றது குரல்.

"இதுக்குமா நான் கத்தணும்?" என்றாள் அவள். ஆனால் உரக்கவே வாசித்தாள். "நூரா, அரை மணி நேரத்துக்குப் பிறகு நினைவூட்டு" என்று சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருந்தது. எண்கள் திரையில் ஓடத் தொடங்கியதும் அவளுக்கு அது பிடித்துப்போனது.

அதுவரை சாயத்துக்கு நேரம் பார்க்க அவளிடம் இருந்தது சமையலறை அடுப்பின் திருகுக் கடிகாரம். மணியடித்தால் இரண்டு அறை தாண்டி ஓட வேண்டும், அதற்குள் இங்கே ஒருத்தியின் காலில் பாகு காய்ந்துவிடும். இப்போது கையுறையைக் கழற்றாமல், நின்ற இடத்திலிருந்து, இரண்டு தலைக்கு இரண்டு நேரம் வைத்தாள். பெண்களுக்கும் அது விளையாட்டாக இருந்தது.

"நூரா, என் மாமியாருக்கும் ஒரு நேரம் வை. முடிஞ்சதும் மணியடிச்சு சொல்லிடு," என்றாள் ஒருத்தி. அறை சிரித்தது.

போன் கூடை வழக்கம்போல் கதவருகே இருந்தது. அதில் போட வேண்டிய பொருள் தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அவர்களுக்குப் பேசுகிற சுவர்க்கடிகாரம்.

மறுவாரம் உம்மு ஸுஹைப் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டடம். கணவனை இழந்தவள், மூன்று மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் தாய். இரண்டு கட்டடத்துப் பெண்களும் எந்த மருத்துவரிடம் போவது, எந்தக் கடையில் துணி எடுப்பது என்பதை அவள் வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இன்ஸாஃபிடம் முதலில் வந்தவளும் அவள்தான். மகள் ஸீரீனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

ஸீரீனின் தலை முழுக்கச் சாயம் பூசியாகிவிட்டது. நூரா நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். உம்மு ஸுஹைப் நரைத்த கூந்தலை அவிழ்த்துப் போட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஸீரீனின் பெரியப்பா மகள்கள் இருவர் கால் முழுக்கப் பாகோடு தரையில். மாப்பிள்ளையின் அம்மா நகைக் கடையில் எப்படி மூக்கைச் சுளித்தாள் என்று ஒருத்தி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மான் நிறுத்தத்தில் பஸ் நிரம்பக் காத்திருந்த கஸ்ஸான் மனைவியின் போனுக்கு அடித்தான். கூடைக்குள் ஒலி அமர்த்தியிருந்த போனை யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்குப் புதிய வசதி நினைவுக்கு வந்தது. போனில் இருந்த வீட்டுப் படத்தைத் தொட்டான்.

மெல்லிய மணி ஒன்று. திரை பனி படிந்தது போல் மங்கி, பிறகு தெளிந்தது. கஸ்ஸானின் முகவாய், அதற்கு மேல் மூக்குத் துவாரம், பஸ்ஸின் கூரை.

"இன்ஸாஃப், ரொட்டி…"

அலறல் தெருவுக்குக் கேட்டது. பாகு பூசிய காலோடு ஒருத்தி மேஜைக்கடியில் பாய்ந்தாள். இன்னொருத்தி திரைச்சீலைக்குள் போனாள். உம்மு ஸுஹைப் ஈரத் துண்டை இழுத்துத் தலையை மூடினாள். ஸீரீன் கழுத்தைச் சுற்றியிருந்த துணியைச் சாயத்தோடு சேர்த்து முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இன்ஸாஃப் ஓடிப் போய் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.



"உன் புருஷன் படியேறி வந்தா தொண்டையச் செருமுவான்," என்றாள் உம்மு ஸுஹைப். குரல் உயரவில்லை. "இது எதச் செருமுச்சு, இன்ஸாஃப்?"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா, அது கடிகாரம்னுதான் நெனச்சேன்."

"எங்க போனெல்லாம் கூடையில போட வச்ச. உன் புருஷனோட போன கண்ணாடிக்கு எதிர்ல வச்ச."

அவர்கள் கிளம்பினார்கள். "ஸீரீன், கழுவிட்டுப் போம்மா, பாதியில நிக்குது, முடி கெட்டுடும்" என்று இன்ஸாஃப் வாசல் வரை பின்னால் போனாள். சாயத்துக்கு மேலேயே தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் படியிறங்கினாள்.

அன்று மாலைக்குள் செய்திகள் வந்தன. மறுநாள் வர வேண்டியவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு இர்பிதிலிருந்து விருந்தாளி. ஒருத்தி காரணம்கூடச் சொல்லவில்லை. இன்ஸாஃப் காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாடகை கஸ்ஸானின் பஸ்ஸிலிருந்து வந்தது. இர்பிதில் படிக்கும் மகன் ஹாஸிமின் படிப்பு இந்த அறையிலிருந்துதான் வந்தது.

கஸ்ஸான் வந்தான். அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் படியில் செருமிக்கொண்டே வந்தான். சமையலறை மேஜையில் ரொட்டியை வைத்தான்.

"பார்த்தியா?" என்றாள் அவள்.

"யார் கேட்டாலும் இல்லேன்னு சொல்லிடறேன். நீயும் அப்படியே சொல்லு."

"நான் கேட்டது அது இல்ல."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "பார்த்தேன். கண்ணாடியில எல்லாம் தெரிஞ்சுது. ஒடனே போன ஸீட்டுல கவுத்துட்டேன். பக்கத்துல யாரும் இல்ல. யாரு யாருன்னு எனக்குத் தெரியாது, இன்ஸாஃப். அடையாளம் தெரிஞ்சது உன்ன மட்டும்தான்."

"என்னயா?"

"ஒரு கால செருப்புலேர்ந்து எடுத்து வெளிய வச்சிருந்த. நாற்காலி முதுகப் புடிச்சுக்கிட்டு ஒரு கால்ல நின்னுட்டிருந்த. கெழவி மாதிரி இருந்துச்சு."

"உன்கூட வாழ்ந்தா கொமரி மாதிரியா இருக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. "தினமும் அப்படித்தான் நிக்கறியா?"

அவள் ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"அபூ நிதால கூப்பிடறேன்," என்றான் அவன். "இன்னும் நாலு பெரிய மனுஷங்க. ஜாஹாவா போயிடுவோம். அவ பசங்ககிட்ட முறையா மன்னிப்புக் கேட்டுடுவோம்."

எங்கள் பக்கத்தில் விபத்து, அடிதடி, பெண் கேட்பது எல்லாவற்றுக்கும் ஜாஹாதான். ஆண்கள் கூட்டமாகப் போவார்கள். காபி வைக்கப்படும். கூட்டத்தின் தலைவர் கேட்டது கிடைக்கும் வரை கோப்பையைத் தொட மாட்டார். கிடைத்த பிறகு எல்லோரும் குடிப்பார்கள்.

"போய் என்ன சொல்லுவ?" என்றாள் இன்ஸாஃப். "உங்கம்மா தலையையும் உன் தங்கச்சி தலையையும் நான் பார்த்துட்டேன்னு நாலு தாடிக்காரங்க முன்னாடி சொல்லப் போறியா? அந்தப் பசங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் உன் பஸ்ஸுல கண்ணாடி இருக்காது. அவ வாயத் தெறக்கல. நீ போய்த் தெறந்து விடாத."

"அப்ப என்னதான் பண்றது?"

"தெரியல. படுக்கணும் எனக்கு."

வியாழக்கிழமை காலை, உம்மு ஸுஹைபின் மகன்கள் கல்யாண மண்டபத்துக்குப் போன பிறகு, அவள் சாயப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தின் நாலாவது மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்த உம்மு ஸுஹைப் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவளை நிற்க வைப்பது வழக்கமில்லை. உட்காரச் சொன்னாள். காபி கொண்டுவந்து வைத்தாள்.

இன்ஸாஃப் கோப்பையைத் தொடவில்லை.

உம்மு ஸுஹைப் அதைக் கவனித்தாள். "என்ன இது? ஜாஹாவா? தாடியை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டியா?"

"ஆம்பளைங்கள அனுப்ப முடியாத காரியம்க்கா. அதான் நானே வந்தேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"ஒத்த ஆளு ஜாஹா." உம்மு ஸுஹைப் எதிரே உட்கார்ந்தாள். "சரி, கேளு. என்ன வேணும்?"

"நாளைக்கு ஸீரீன நான்தான் அலங்காரம் பண்ணணும். மத்தவங்க என்கிட்ட திரும்ப வரணும். அந்த அறைதான் ஹாஸிமோட படிப்பு. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் பார்த்தானா?"

இல்லை என்ற சொல் அவள் வாயில் தயாராக இருந்தது. படியேறும்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். எதிரே இருந்தவள் அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸாஃபுக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சத்தியம் பண்ணித் தூக்கிக்கொண்டு திரிய அவளுக்குத் தெம்பு இல்லை.

"பார்த்தாருக்கா. கண்ணாடியில. ஒடனே போன கவுத்துட்டாரு. பக்கத்துல யாரும் இல்ல. யாரு எவருன்னு அவருக்குத் தெரியாது, என்ன மட்டும் தெரிஞ்சுதாம். இது அவரு சொன்னது. நான் நம்பறேன். நீங்க நம்பணும்னு கேக்க மாட்டேன்."

உம்மு ஸுஹைப் ஜன்னலைப் பார்த்தாள். கீழே எரிவாயு உருளை விற்கும் வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனது.

"நீ இல்லேன்னு சொல்லுவன்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "சொல்லியிருந்தா கையப் புடிச்சு வெளிய விட்டிருப்பேன். கூரையப் பார்த்துக்கிட்டா அவன் ரொட்டி கேட்டான்?"

இன்ஸாஃப் தலை குனிந்தாள்.

"இப்ப சொன்னத இன்னொரு தடவ எங்கயும் சொல்லாத. மத்தவளுங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"அவன் பார்க்கலேன்னு. நான் சொன்னா நம்புவாளுங்க. அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும், எனக்கு வயசாச்சு. ஆனா உன் அறைக்கு யாரும் வர மாட்டாளுங்க. நானும் வர மாட்டேன்."

"அதத் தூக்கி வெளிய போட்டுட்டேன்க்கா. பெட்டியோட கடைக்கே போயிடுச்சு."

"நீ சுவத்தையே இடிச்சாலும் இனிமே அங்க உக்காந்தா கழுத்துல யாரோ பார்க்கற மாதிரிதான் இருக்கும். மனசு விட்டு ஒரு வார்த்த பேச முடியாது. பேச முடியலேன்னா எதுக்கு வரணும்? தலைய வீட்டுலயே கழுவிக்கலாம்." அவள் கோப்பையைச் சுட்டினாள். "நீ வா. வீடு வீடா வா. அவங்கவங்க கதவுக்கு அவங்கவங்க தாழ்ப்பாள்."

இன்ஸாஃப் கணக்குப் போட்டாள். இரண்டு கட்டடத்திலும் லிஃப்ட் இல்லை. வீடுகளில் தலை கழுவும் பேசின் இல்லை, சாயும் நாற்காலி இல்லை, எந்த வீட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பது ஏறிப் போனால்தான் தெரியும். சாயப் பையோடு உலர்த்தியையும் பாகுச் சட்டியையும் சுமக்க வேண்டும். ஒரு நாளில் செய்த வேலைக்கு இனி இரண்டு நாள்.

"மாடி நெறைய, அக்கா."

"இத்தன வருஷம் நாங்க ஏறி வந்தோமே."

இன்ஸாஃப் கோப்பையை எடுத்தாள். காபி ஆறி, அடியில் வண்டல் கெட்டியாகியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஸீரீன்," என்று உம்மு ஸுஹைப் உள்ளே பார்த்துக் கத்தினாள். "வெளிய வாடி. வந்துட்டா."

ஸீரீன் தலையில் துண்டோடு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. துண்டை அவிழ்த்தாள். பாதியில் கழுவிய சாயம் உச்சியில் கேரட் நிறத்திலும் நுனியில் கறுப்பாகவும் நின்றது.

"வேற ஒருத்திகிட்ட நேத்து கூட்டிட்டுப் போனேன்," என்றாள் தாய். "என்ன கலந்திருக்குன்னு தெரியாம தொட மாட்டேன்னுட்டா."

"இப்படியே மேடையில உக்காந்தா மாமியார் என்ன ஆரஞ்சுப் பழக் கூடையோட வச்சிடுவா," என்றாள் ஸீரீன். சொல்லிவிட்டு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

இன்ஸாஃப் அவள் தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முடியைப் பிரித்துப் பார்த்தாள். நீலம் கலந்த அடர்நிறம் வேண்டும், வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. மதியத்துக்குள் முடியும். பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றும் பழைய துண்டுகளும் கேட்டாள். குளியலறையில் ஒரு முக்காலியைப் போட்டு ஸீரீனை உட்கார வைத்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கு எட்டவில்லை. அவளே தரையில் முழங்காலிட வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கால் டைல்ஸ் தரையில் அழுந்தியதும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே உம்மு ஸுஹைப் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவன் எதையும் பார்க்கலடி. நான் விசாரிச்சிட்டேன், முடிஞ்சுது அந்தப் பேச்சு… ஆமா, இனிமே அவ உன் வீட்டுக்கே வருவா. எது, அஞ்சாவது மாடியா? வருவா. மெதுவாத்தான் ஏறுவா, அவசரப்படுத்தாத. ஒரு நாற்காலி எடுத்து வாசல்ல போட்டு வை."